பின்னால வர்றவனுக்கும் தெரியணும்

"இவரு நடக்கும்போது பாட்டு கேக்கறதுக்கு ஒரு பிளேயர் வேணும்" என்றாள் கிறிஸ்டினா.

'இவர்' எட்வர்ட். ஐம்பத்திரண்டு வயது ஆம்பளை, ஸ்கூலில் சேர்க்கக் கூட்டி வந்த பிள்ளை மாதிரி மனைவிக்குப் பின்னால் நின்றார்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் அந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையில் எட்டு வருஷமாக விற்பனைக்கு நிற்கிறாள் திலகவதி. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே வீட்டில் யார் ஆட்சி என்று சொல்லிவிடுவாள். இன்றைக்கு அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை.

"எந்த மாதிரி பாட்டு கேப்பீங்கண்ணா?" என்று வேண்டுமென்றே அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"எல்லாப் பாட்டும் கேப்பாரு." பதில் கிறிஸ்டினாவிடமிருந்து.

"ஓடுவீங்களா, நடப்பீங்களா?"

"நடப்பாரு. காலைல அஞ்சரைக்கு, கிரவுண்டுல பத்து ரவுண்டு."

திலகவதிக்கு நாக்கு அரித்தது.

"போன்லயே கேக்கலாமேக்கா? எதுக்குத் தனியா ஒண்ணு?"

"போனு என்கிட்டதான் இருக்கும்."

அடேயப்பா! கட்டின புருஷன் கையில் போனைக்கூடக் கொடுக்காத மகராசி!

நமக்கென்ன, வியாபாரம் ஆனால் சரி. தீப்பெட்டி சைஸ் பிளேயர் ஒன்றை எடுத்து வைத்தாள். சட்டையில் கிளிப் மாதிரி மாட்டிக்கொள்ளலாம், வியர்வை பட்டாலும் ஒன்றும் ஆகாது, இயர்போன் காதுக்குள்ளேயே அடங்கிவிடும் என்று வரிசையாகச் சொன்னாள்.

"இது யாரு கண்ணுக்குத் தெரியும்?" கிறிஸ்டினா அதைத் தள்ளினாள். "பிளேயர் எதுவா இருந்தா இன்னா? ஹெட்செட்டு பெருசா, காதையே மூடற மாதிரி குடு. செவப்பு இருக்குதா? பின்னால வர்றவனுக்கும் தெரியணும்."

"வேர்த்துக் கொட்டும்க்கா. காது புண்ணாயிடும்."

"அவரு காதப் பத்தி நீ ஏம்மா கவலப்படற?"

வாய்தான், வேறென்ன! திலகவதி சம்பளத்துக்குச் சிரிக்கும் சிரிப்பைச் சிரித்தாள்.

"சரிக்கா. அப்படி யாரு பாக்கணும்?"

கிறிஸ்டினா குரலைத் தாழ்த்தினாள்.

"கம்பி மில்லுல இருபத்திரண்டு வருஷமா கான்ட்ராக்ட்டுல ஓட்டிக்கினு இருக்காரு. இப்ப புதுசா வந்த கான்ட்ராக்டரு அம்பது தாண்டுனவங்கள ஒவ்வொருத்தரா கழிச்சுக்கினு இருக்கான். யாரு ஒடம்புல இன்னா ஓட்டைன்னு பாத்துச் சொல்றது சூப்பர்வைசர் அருணாச்சலம். அந்தாளும் அதே கிரவுண்டுலதான் நடக்கறாரு. அடுத்த வாரம் லிஸ்டு வருது. அதுல இவரு பேரு வந்துச்சுன்னா, இந்த வயசுல எவன் வேல குடுப்பான்? ஊட்ல அடுப்பு எப்படி எரியும்?"

ஓகோ, அதற்குத்தான் இந்த வேஷமா! தலையில் சிவப்பாக ஒன்றை மாட்டிவிட்டால் வாலிபம் திரும்பிவிடுமாக்கும். அந்த மனுஷனை ஒரு வார்த்தை பேச விட்டாலாவது முகத்தில் கொஞ்சம் களை வரும்.

இருப்பதிலேயே பெரிய ஹெட்செட்டை எடுத்துக் கொடுத்தாள். கிறிஸ்டினா புருஷனின் முகத்துக்கு நேரே போய் நின்று, "மாட்டுய்யா" என்றாள். மாட்டினார். ஐந்தடி தள்ளிப் போய், திரும்பு என்று கையைச் சுழற்றினாள். திரும்பினார். சந்தையில் மாடு பார்க்கிறவள் மாதிரி பின்பக்கம் வரைக்கும் பார்த்து முடித்தாள்.

"இதையே போடும்மா" என்று பணம் கட்டக் கல்லாவுக்குப் போனாள்.

எட்வர்ட் எதிரே சுற்றிக்கொண்டிருந்த வாஷிங் மெஷினைப் பார்த்தபடி அப்படியே நின்றார். பேக் செய்வதற்காக அவருக்குப் பின்னாலிருந்து வயரைச் சேர்த்துச் சுருட்டிக்கொண்டே திலகவதி மெல்லக் கேட்டாள்.

"அண்ணா, உங்களுக்குப் புடிச்சிருக்குதா? இல்லன்னா சொல்லுங்க, அக்கா வர்றதுக்குள்ள மாத்திடலாம்."

பதில் இல்லை. பாவம், அவ்வளவு பயம்!

அப்போதுதான் வாசலில் ஒரு கனத்த குரல் கேட்டது.

"இன்னாய்யா எட்வர்ட்டு, இங்க நிக்கற?"

கல்லாவில் நின்ற கிறிஸ்டினா வெடுக்கென்று திரும்பினாள். "அருணாச்சலம் சார்..." என்றாள்.

"எட்வர்ட்டு!"

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். எட்வர்ட் மட்டும் வாஷிங் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ், உன்னத்தான்யா! கூப்ட்டுக்கினே இருக்கேன்..." அருணாச்சலத்தின் நெற்றி சுருங்கியது. "இவனுக்கு இன்னா, காது..."

"சார், நீங்க எவ்ளோ கத்துனாலும் அவருக்குக் கேக்காது" என்று குறுக்கே புகுந்தாள் திலகவதி.

கிறிஸ்டினா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஃபுல் வால்யூம்ல பாட்டு டெஸ்ட் பண்ணிக்கினு இருக்காரு சார்!"

அருணாச்சலம் சிரித்துவிட்டார். நேரே போய் எட்வர்ட்டின் முதுகில் ஒன்று போட்டார். தூக்கிவாரிப் போட்டுத் திரும்பிய எட்வர்ட், எதிரே நிற்பது யார் என்று பார்த்ததும் கட்டைவிரலை உயர்த்தினார்.

"சவுண்டு சூப்பரா இருக்குது சார்!"

"கத்தாதய்யா, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. நாளைக்கு கிரவுண்டுல பாக்கலாம்." சிரித்துக்கொண்டே போனார் அவர்.

கிறிஸ்டினா கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மில்லு சத்தம்மா. காதத் தின்னுடுச்சு. ரெண்டு வருஷமா ஒதட்டப் பாத்துத்தான் காலத்த ஓட்டறாரு. கூப்ட்டு திரும்பலன்னா பழி பாட்டு மேல போவட்டும்னுதான்..." மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நீ எப்படிம்மா கண்டுபுடிச்ச?"

திலகவதி மூடியிருந்த கையை விரித்தாள்.

எந்தப் பிளேயரிலும் செருகாத ஹெட்செட் வயரின் முனை, அவள் உள்ளங்கையில் அழுந்திக் கிடந்தது.