காய்ந்த சட்டை

பாரிஸின் லா சப்பல் கடையொன்றில் முப்பத்தெட்டாம் அளவு வெள்ளைச் சட்டை ஒன்றை வாங்கிக் குணபாலன் பயணப்பைக்குள் வைத்தார். "அப்பா, இந்தச் சேட்டு சின்னன், உங்களுக்குக் காணாது" என்றாள் மகள் தயாளினி. "ஓம், தெரியும்" என்றார்.

இப்போது மகளோடு விடுமுறைக்குப் போகும் கிரேக்கத் தீவுக்கு, முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன் கள்ளப் படகில் போனவர் அவர். கரையேறியதும் ஈரச் சட்டையை மாற்று, திரும்பிப் பாராமல் பஸ்ஸுக்கு நட என்பது ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்ட பாடம். ஆளுக்கொரு காய்ந்த சட்டை பொலித்தீன் பையில் இருந்தது. கரைக்குக் கிட்டப் படகு கவிழ்ந்து குணபாலனின் பை போய்விட்டது. கூட வந்த சிநேகிதன், ஒல்லியன் உதயன், தன் பையை நீட்டி, "நீ முன்னுக்குப் போ மச்சான், நான் வாறன்" என்றான். வரவில்லை.

அந்தக் கரையில் இப்போது வசதியானவர்கள் வந்துபோகும் கடற்கரை உணவகம். வெள்ளைக் குடை, மெத்தை போட்ட சாய்வுக் கட்டில், கேட்குமுன் குளிர்ந்த தண்ணீர். குணபாலன் சட்டையைப் பக்கத்தில் காலியாக இருந்த கட்டிலில் வைத்துவிட்டு மகளோடு சாப்பிடப் போனார்.

திரும்பி வந்தபோது புதுச் சட்டையைக் காணவில்லை. அந்த இடத்தில் நீலக் கோடு போட்ட பழைய சட்டையொன்று நீர் சொட்டக் கிடந்தது. அதன் இரண்டாவது பொத்தானைக் கறுப்பு நூலால் உதயனுக்குத் தைத்துக் கொடுத்தது குணபாலன்தான்.

தயாளினி பணியாளரை விசாரித்தாள். கடலிலிருந்து ஏறிவந்த ஓர் இளைஞன் சட்டையை மாற்றிக்கொண்டு போனானாம். கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

குணபாலன் ஈரச் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அவனுக்குப் பஸ் கிடைச்சிட்டுதோ எண்டு கேள், பிள்ளை."