தொண்ணூற்று நான்கு யூனிட்

"இந்தக் கெமிஸ்ட்ரியை யாரும்மா உன்னை எடுக்கச் சொன்னது?"

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பைத் தரும் கம்யூனிட்டி காலேஜின் பாட ஆலோசகர் க்ளென் ஹாஸ் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்.

எதிரே இருந்தவள் மாணவி நாடின் மச்சாடோ. விடியற்காலைக் கறவையை முடித்துவிட்டுப் பால்பண்ணையிலிருந்து நேராக வந்திருந்தாள். ரப்பர் பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டுக் காலுறையோடு நின்றாள்.

"கெமிஸ்ட்ரி, கணக்கு, உயிரியல். மூணையும் ரெண்டு ரெண்டு தடவை படிச்சிருக்கே. ஃபெயில் ஆனியா?"

"இல்ல சார். முதல்ல படிச்சதை யுனிவர்சிட்டி ஏத்துக்கலை. அதனால சரியான பாடத்தை எடுத்து மறுபடி படிச்சேன்."

"எப்படி ஏத்துக்கும்? நீ முதல்ல எடுத்ததெல்லாம் பண்ணை வேலைச் சான்றிதழுக்கு உள்ள பாடம். மாட்டுக்கு நாலு வயிறு இருக்கலாம். மனுஷிக்கு எதுக்கு ரெண்டு கெமிஸ்ட்ரி?"

அவள் சிரிக்க முயன்றாள். வரவில்லை.

படிக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை யூனிட் என்று கணக்கு. அந்தக் காலேஜில் தொண்ணூறு யூனிட் வரைக்கும்தான் அரசு உதவித்தொகை. தாண்டினால் நின்றுவிடும். நாடின் தொண்ணூற்று நான்கில் நின்றாள். இன்னும் ஒரே ஒரு செமஸ்டர், இரண்டு பாடம். அதை முடித்தால்தான் ஆகஸ்ட்டில் பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியல் படிக்க இடம். உதவித்தொகை இல்லாவிட்டால் பகல் கறவைக்கும் போக வேண்டும். பகல் கறவைக்குப் போனால் வகுப்புக்கு வர முடியாது. கிடைத்த இடமும் போய்விடும்.

ஒரே வழி அப்பீல். ஏன் இத்தனை யூனிட் ஆயிற்று என்று மாணவி எழுதித் தர வேண்டும். நாளை கடைசி நாள்.

"கமிட்டியில அஞ்சு பேர். வர்றதுல பாதியைத் தள்ளிடுவாங்க," என்றார் ஹாஸ். "ஆலோசகர் தப்பா வழி காட்டியிருந்தா கதையே வேற. கமிட்டிக்குப் போகாமலே கிடைச்சிடும். அப்படி எதுவும் நடக்கலையே?"

"இல்ல சார்."

"அப்ப, பழியை அடுத்தவங்க மேல போடாம, தப்பை ஒத்துக்கிட்டு எழுது. முப்பது வருஷமா எல்லாப் பசங்களுக்கும் நான் சொல்றது இதுதான்."

நாடின் ஏற்கெனவே எழுதி வந்திருந்தாள். மடித்த தாளைப் பிரித்து நீட்டினாள்.

'ஆலோசகர் சொன்னதை நான் கவனித்துக் கேட்கவில்லை. பாடங்களை நானே தவறாகத் தேர்ந்தெடுத்தேன். அதற்காக வெட்கப்படுகிறேன்.'

"பரவாயில்லையே! ஒளிவுமறைவு இல்லாம எழுதியிருக்கே. நீ முதன்முதல்ல சேர்ந்தப்போ போட்ட திட்டத் தாளையும் இதோட வைக்கணும். எந்த செமஸ்டர்ல என்ன பாடம்னு அதுல இருக்கும். அஞ்சு வருஷத்துக்கு முந்தினது, கம்ப்யூட்டர்ல இருக்காது. பதிவறையில தேடி எடுத்துட்டு வரேன்."

"அது இல்லாம அனுப்ப முடியாதா சார்?"

"ஏன், அதுல என்ன கூத்து பண்ணி வச்சிருக்கே?" சிரித்தபடி எழுந்து போனார்.

பதிவறையில் நாடினின் கோப்பு உடனே கிடைத்தது. திட்டத் தாள் மேலேயே இருந்தது.

கெமிஸ்ட்ரி, கணக்கு, உயிரியல். மூன்றுக்கும் எதிரே அந்தத் தவறான பாட எண்கள். எழுதியிருந்தவள் நாடின் அல்ல. அடியில் கையெழுத்து: க்ளென் ஹாஸ்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பல்கலைக்கழகத்துக்கு உரிய பட்டியலை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த சான்றிதழ்ப் பட்டியலைப் பார்த்து எழுதியிருக்கிறார். அன்றைக்கு வாசலில் எத்தனை பேர் காத்திருந்தார்களோ. ஒன்றும் நினைவில்லை.

ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்.

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"கிடைக்கலைம்மா," என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் நுழைந்தார். "பழைய கோப்பெல்லாம் கண்டபடி கிடக்கு. அது இல்லாமலே அனுப்பிடலாம்."

நாடினின் முகம் தெளிந்தது. "ரொம்ப நல்லதாப் போச்சு சார்."

"ஏன்?"

அவள் தயங்கினாள். "அதுல இருக்கறது உங்க கையெழுத்து சார். ஒரு பிரதி என்கிட்டயும் இருக்கு. நான்தான் கொண்டு வரலை."

ஹாஸின் கை தானாகவே சட்டைப் பையின் மேல் போயிற்று.

"தெரிஞ்சுமா இப்படி எழுதினே? அதைக் காட்டியிருந்தா கமிட்டிக்கே போக வேண்டாமே!"

"உங்களை விசாரிப்பாங்களே சார். மாடு கறக்கறவளுக்கு யுனிவர்சிட்டி ஒரு கேடான்னு பண்ணையில எல்லாரும் சிரிச்சாங்க. என் பேரை எழுதி, அதுக்குப் பக்கத்துல யுனிவர்சிட்டின்னு எழுதினது நீங்க ஒருத்தர்தான். அந்தத் தாளையே வச்சு உங்களை எப்படி சார்..."

ஹாஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பைக்குள்ளிருந்த தாளை எடுத்து மேசை மேல் விரித்து வைத்தார். அவள் எழுதியதை அவளிடமே திருப்பி நீட்டினார்.

"இதை எடுத்துட்டுப் போயிடும்மா. இந்தக் கடிதத்தை எழுத வேண்டியவன் நான்."