கனக்கும் கட்டை

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள இசைக்கருவிக் கடையில், ஆனந்தவள்ளி மூன்றாவது முறையாக அதே டிஜிட்டல் பியானோவின் முன் உட்காருகிறாள். வெளியே சாரல். கண்ணாடிக் கதவில் குற்றாலம் போகும் வேன்களின் நிழல் வழுக்கிப் போகிறது. அருவிக்கரை பந்தோபஸ்துக்குப் போகவேண்டிய அவள் கணவன் பாண்டிராஜ், காக்கி உடையில், பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நிற்கிறான். "அந்தக் கீபோர்டு பாதி வெலைதான். தாளமும் அதுவே போடுது. படிக்கதுக்கு அது போதாதா?" அவள் பக்கத்திலிருக்கும் கீபோர்டின் கட்டையைத் தொடுகிறாள், அது சுவிட்சு போலச் சட்டென்று அமுங்குகிறது. பியானோவின் கட்டை விரலை எதிர்க்கிறது. மெல்ல அழுத்தினால் மெல்ல ஒலிக்கிறது, ஓங்கி அழுத்தினால் அதிர்கிறது. நாற்பத்திரண்டு வயதில் இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் எல்லாரும் கேட்டாயிற்று. "இதுல பழகினா வெரலு உரம் பிடிக்கும்க்கா," என்கிறார் கடைக்காரர். "மணியாவுது வள்ளி," என்கிறான் பாண்டிராஜ். "நீங்க போங்க. எனக்குன்னு மொத மொதல்ல ஒண்ணு வாங்குதேன். பார்த்துத்தான் வாங்குவேன்." சொன்ன பிறகுதான் குரல் உயர்ந்துவிட்டது தெரிகிறது. பாண்டிராஜ் போகவில்லை. அவள் தோளுக்கு மேலே குனிந்து, ஒரு கட்டையை அழுத்தி, ஒலி தேய்ந்து அடங்கும்வரை விரலை எடுக்காமல் நிற்கிறான். "நல்லாத்தான் கனக்குது," என்கிறான்.