மூக்கில் வைத்த எடை

ஆஸ்டின் டவுன் வீட்டு ஜன்னலோரம் ஏகாம்பரம் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நீட்டி, பால்சா மரத்தில் தானே செய்த ஜெட் விமானத்தை இறக்கைகளுக்கடியில் தாங்கிப் பார்க்கிறார். அது மூக்கைத் தூக்கிக்கொண்டு வால்பக்கம் சாய்கிறது. பொம்மசந்திரா கம்பெனியில் பதினெட்டு வருஷம் பெயிண்டராக இருந்த கை, ஊதினால் பறக்கிற மரத்தின் வாலிலும் இரும்புக்குப் பூசுவதுபோலப் பட்டி வைத்து மூன்று கோட் அடித்துவிட்டது. மூக்கில் எடை வைக்காவிட்டால் விட்ட இடத்திலேயே விழும். சாயங்கால வெயிலில் வெள்ளிப் பெயிண்ட் கண்ணைக் கூச வைக்கிறது. ஷோகேஸைத் திறந்து, நீலப் பெட்டியிலிருந்து பித்தளை மெடலை எடுக்கிறார். நீண்டகாலச் சேவைக்காகக் கம்பெனி கொடுத்தது; கொடுத்த மறுமாதமே அவரை வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிளேடால் மூக்கைக் கீறி, மெடலை உள்ளே சொருகி, பசை தடவி மூடுகிறார்.

“அய்யோ, இன்னா பண்றீங்க?” சமையலறையிலிருந்து மனைவி கஸ்தூரி ஓடிவருகிறாள். “நாளைக்கு நம்ம வீணாவைப் பொண்ணு பாக்க வராங்க. நீங்க இன்னும் வேலைக்குப் போறதாத்தான் சொல்லி வெச்சிருக்கேன். அதக் காட்டலாம்னு தொடச்சு வெச்சேனே!”

“இதுக்காவது உதவட்டும்,” என்கிறார் நிமிராமல். மறுபடி விரல்களில் ஏற்றுகிறார். விமானம் இம்மியும் சாயாமல் நிற்கிறது. கஸ்தூரி அதையே கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு காலிப் பெட்டியை மூடி, அதன்மேல் படிந்த மரத்தூளை முந்தானையால் துடைத்து, கம்பெனி பெயர் வெளியே தெரியும்படி ஷோகேஸில் திருப்பி வைக்கிறாள்.