மேலடுக்கு

நகரத்துக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்றாகப் புதைந்திருக்கும் பழைய ஊர்களைச் சுற்றிக்காட்டுகிற சந்தனராஜுக்குச் சரித்திரம் சுமாராகத்தான் வரும். அவரைக் காப்பாற்றி வந்தது ஒரே ஒரு வேடிக்கை. எந்த அடுக்கு யார் காலத்தது என்று சொல்லி முடித்ததும் படியேறிப் போய், வெளியேற ஒரே வழியான, தெருவுக்குத் திறக்கும் இரும்பு மூடியைத் தள்ளுவதுபோல் தள்ளி, “திறக்கலைங்க, இனி நீங்களும் புதைபொருள்தான்” என்பார். எல்லோரும் சிரித்தபின் திறந்துவிடுவார். அதற்காகவே மறுபடி வருகிறவர்கள் உண்டு.

இன்று மூடி உண்மையாகவே அசையவில்லை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோடு போடுவது ஊர் வழக்கம். இவர்கள் கீழே இருந்த நேரத்தில் மூடியின்மேலும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். மேலே ரோலர் உருண்டுகொண்டிருந்தது. விளிம்பில் கசிந்த தார் ஒரு சொட்டு அவர் புறங்கையைச் சுட்டது.

“திறக்கலைங்க” என்றார். கீழே சிரித்தார்கள். “நெசமாத்தாங்க சொல்றேன்.” கைதட்டினார்கள். அவர் மூடியைக் குத்தினார், மேலே பார்த்துக் கத்தினார், கத்திக் கத்திக் குரல் உடைந்தது.

“போன தடவை இவர் இவ்வளவு நல்லா செய்யலீங்க” என்று கணவரிடம் சொல்லிக்கொண்டே தமயந்தி படியேறி வந்தாள். சந்தனராஜின் கையிலிருந்த கறுப்பைத் தொட்டாள். விரலில் சூடாக ஒட்டியது. அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

“இதும் நீங்க வச்சதுதானே, அண்ணே?”

“இல்லம்மா. இது மேலடுக்கு. நம்ம காலத்தது.”

கீழே இருந்தவர்கள் இதற்கும் சிரித்தார்கள்.