மிளகாய்க் குச்சி

கோல் கம்பத்துக்குப் பின்னால், மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்திய ஈர்க்குச்சியைப் புல்லில் நட்டுவிட்டு வாகினெம் உட்கார்ந்திருக்கிறாள். குச்சி நட்டு மழையைத் தடுக்க கிளப் கூட்டிவந்த மந்திரக்காரி. கடல் பக்கம் மேகம் கறுத்துத் தொங்குகிறது. இன்னும் ஒரு சொட்டு விழவில்லை. ரயில் பட்டறைத் தொழிலாளிகள் தொடங்கிய எங்கள் கிளப் கால்பந்து லீக்கின் முதல் பிரிவைவிட்டு ஒருநாளும் இறங்கியதில்லை. இன்று தோற்றால் இறங்கிவிடும். சமன் செய்தாலே போதும், ஆனால் ஒரு கோல் பின்தங்கியிருக்கிறோம். கேலரியில் மேளம்கூட ஓய்ந்துவிட்டது. பாத்திக் சட்டை முதுகில் ஒட்ட, மேலாளர் ஹர்யந்தோ குனிந்து ஓடிவருகிறார்.

“அம்மா, அதைப் பிடுங்கிடுங்க. மழை கொட்டி மைதானம் குளமாகட்டும். மீதி ஆட்டம் நாளைக்குத் தள்ளிப்போயிடும்.”

“காலைல தடுக்கச் சொன்னது யாரு?”

“நான்தான். பிடுங்குங்கம்மா, கால்ல விழறேன்!”

அவள் முனகிக்கொண்டே பிடுங்குகிறாள். காற்று சட்டென்று குளிர்கிறது. அதே நேரம் எதிர்க் கோல் பக்கம் எங்கள் பையன் உருண்டு விழ, நடுவர் விசில் ஊதிப் பெனால்டி புள்ளியைக் காட்டுகிறார். அரங்கமே எழுந்து அலறுகிறது.

“ஐயோ, திரும்ப நடுங்கம்மா! சீக்கிரம்!”

வாகினெம் குச்சியை அவர் கையில் திணிக்கிறாள். “வானம் என்ன உங்க வீட்டுக் குழாயா? நீங்களே நட்டுப் பாருங்க.”

முதல் சொட்டு ஹர்யந்தோவின் வழுக்கையில் விழுகிறது. அடுத்தது, புள்ளியில் வைத்த பந்தின் மேல்.