சிப்பாய்க்கு எத்தனை பொத்தான்?

"இந்தச் சிப்பாய் கோட்டுல எத்தனை பொத்தான் வச்சிருக்கே?"

பூதக்கண்ணாடியைக் கண்ணோடு வைத்தபடி கேட்டார் தென்னகோன் சேர்.

"பத்துங்க சேர். நீங்க காட்டுன படத்துல இருந்த மாதிரியே."

"தப்பு. எட்டுதான். எல்லாத்தையும் சுரண்டிட்டுத் திரும்ப வை."

இருதயராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்டி ராஜாவோடு சண்டைக்கு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள், இருபது பேர். ஒவ்வொருவனும் சுண்டுவிரல் உயரம். ரப்பர் தோட்டத்து பெக்டரி வேலை முடிந்து வந்து, சேர் கேட்டதற்காக ஆறு மாதமாக மெழுகில் செதுக்கி, அச்செடுத்து, ஈயம் ஊற்றி, மீசை வரைக்கும் வர்ணம் தீட்டியிருந்தான். கொடுத்துவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்றுதான் காலையில் கேகாலைக்கு வந்தான்.

"தோட்டத்துக்குக் கொண்டுபோய்த் திருத்திட்டு வாறேனே சேர்."

"வேணாம். என் கண் முன்னாலதான் திருத்தணும். வீட்டுல யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லீங்க. சம்சாரமும் புள்ளையும் மடு மாதா திருவிழாவுக்குப் போயிருக்காங்க. மன்னார்ல அக்கா வீட்டுல தங்கிட்டு, பத்து நாள் கழிச்சுத்தான் வருவாங்க."

சேர் ஏனோ ஒரு பெருமூச்சு விட்டார்.

"அப்ப என்ன அவசரம்? பின்னறையில உட்காரு. ஜன்னலைத் திறக்காதே. தூசி வந்து பெயிண்ட்ல ஒட்டும்."

பஸ் போய்விட்டது.

மறுநாள் எட்டுப் பொத்தானோடு கொண்டுபோய் வைத்தான். சேர் கண்ணாடியை எடுக்கக்கூட இல்லை.

"ம்ஹும். பத்துதான் சரி. மாத்து."

"சேர்! நேத்துத்தானே எட்டுன்னீங்க?"

"நேத்துச் சொன்னது நேத்து."

முப்பது வருஷம் சிங்களப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்த மனுஷன். பொத்தான் கணக்குத் தெரியாதா? இருதயராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நாளைக்கும் வேலைக்குப் போகலேன்னா பேர் விழாதுங்க சேர், சம்பளம் போயிரும்."

"தோட்டத்துத் துரைக்கு நான் கடதாசி எழுதுறேன். நீ வேலையைப் பாரு."

இப்படி எரிந்து விழுகிறவர், மத்தியானம் தன் கையாலேயே கருவாட்டுக் கறி வைத்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்று சோறு போட்டார். ரேடியோ கேட்கலாமா என்றால் பெட்டரி முடிந்துவிட்டது என்றார். ஆனால் காலையில் அவர் அறைக்குள்ளே அது மெல்லப் பேசியதை இவன் காதால் கேட்டிருந்தான்.

கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? இல்லை, தனியாக இருக்கிறவர், பேச்சுத் துணைக்கு ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டாரா?

மூன்றாம் நாள் பொத்தானை விட்டுவிட்டுத் தொப்பிக்கு வந்தார். இருபது தொப்பியும் கோணலாம்.

அதற்குமேல் இருதயராஜால் பொறுக்க முடியவில்லை. தூரிகைகளைப் பையில் திணித்தான். 'உங்க சிப்பாயும் வேணாம், ஒண்ணும் வேணாம், நான் போறேன்' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என்று விறுவிறுவென்று முன்பக்கம் வந்தான்.

வாசலில் பேச்சுக் குரல். சட்டென்று கதவு மறைவில் நின்றான்.

வெளியே ஏழெட்டுப் பேர். கையில் பொல்லுத் தடி. ஒருவன் கையில் பெட்ரோல் டின்.

"சேர், பொம்மை செய்யிற தோட்டத்துத் தமிழன் ஒருத்தன் இங்க வந்தானாமே? மூணு நாளா ஒவ்வொரு பஸ்ஸா மறிச்சுத் தமிழனுங்களை இறக்கி அடிக்கிறோம். இவன் மட்டும் அகப்படலே."

இருதயராஜ் கையிலிருந்த பை நழுவாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"வந்தான். அன்னைக்கே போயிட்டான்."

வாசலை அடைத்து நின்றபடி சேர் சொன்னார். குரலில் ஒரு பிசிறு இல்லை. முதுகுக்குப் பின்னால் நீட்டிய கை மட்டும் கதவுத் தாழ்ப்பாளை இறுக்கிப் பிடித்திருந்தது இவனுக்குத் தெரிந்தது.

"எதுக்கும் உள்ள போய் ஒருக்கா பாத்துட்டு வாறோம்" என்று ஒருவன் படியில் கால் வைத்தான்.

பெட்ரோல் டின்காரன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"வாடா போவோம். எனக்கு ஆறு வருஷம் படிப்பிச்சவரு. செத்தாலும் எங்க சேர் வாயில பொய் வராது."